கோத்தகிரியிலிருந்து ஒரு பொருளாதாரக் கோட்பாட்டாளர்: ஒரு தம்பியின் கேள்விக்குப் பதில்

தம்பி கேட்டது இது: "அக்கா, கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், சின்ன மலைக் கிராமத்தில், இருக்கிறேன். ஊட்டியில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா ஒன்றரை ஏக்கரில் தேயிலை எடுத்து ஃபேக்டரிக்குப் போடுகிறார். எனக்குப் பொருளாதாரக் கோட்பாட்டில் ஆராய்ச்சி செய்ய ஆசை. வீட்டில் பேங்க் பரீட்சை எழுது என்கிறார்கள். கோட்பாட்டாளர் என்றால் நாள் முழுக்க என்ன வேலை? எத்தனை வருடம் ஆகும்? சோறு போடுமா?"

நானும் அதே மலைதான். குந்தா பக்கம் பிறந்து, அம்மா இலை எடுத்த காசில் படித்து, இன்று ஒரு பல்கலைக்கழகத்தில் ஆட்டக் கோட்பாடு (கேம் தியரி: ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்திருக்கும்போது என்ன ஆகும் என்ற கணக்கு) சொல்லிக்கொடுக்கிறேன். அந்த உரிமையில் 'நீ' என்றே எழுதுகிறேன்.

பொருளாதார நிபுணர் என்றதும், அடுத்த வருடம் ஜிடிபி எவ்வளவு, தங்கம் ஏறுமா இறங்குமா என்று டிவியில் சொல்பவர்தான் வீட்டில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவார். கோட்பாட்டாளர் செய்வது வேறு வேலை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கும்போது, ஒவ்வொருவரும் தன் லாபத்தைப் பார்த்து நடந்தால் மொத்தத்தில் என்ன ஆகும்? விதியை மாற்றினால் அது மாறுமா? இப்படிக் கேட்டு, என்னென்ன அனுமானம் வைத்திருக்கிறோம் என்று ஒன்றுவிடாமல் எழுதி, அதிலிருந்து முடிவு தப்பாமல் வருகிறது என்று கணிதத்தில் நிரூபிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் ஒரே கேள்வியில் இரண்டு வருடம் போய்விடும்.

இது புரிய டெல்லிக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டியதில்லை. எடுத்த இலையைக் கொண்டுவந்து சேர்க்கும் உங்கள் ஊர் லீஃப் ஷெட்டுக்குப் போனால் போதும்.

உன் அப்பா இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துக் கையால் எடுக்கிறார் என்று வை. பக்கத்துத் தோட்டக்காரர் கத்தரி போட்டு, முற்றிப்போன கரட்டு இலையும் சேர்த்து வெட்டுகிறார். இரண்டு பேர் இலையும் ஒரே வண்டியில் ஏறுகிறது, கிலோவுக்கு ஒரே விலை. கணக்குக்காகச் சில எண்களை நானே வைக்கிறேன். நல்ல இலை ஃபேக்டரிக்குக் கிலோ 30 ரூபாய் பெறும், கரட்டு இலை 14 ரூபாய்தான் பெறும். பாதிக்குப் பாதி கலந்து வந்தால் ஃபேக்டரி 22 ரூபாய் கொடுக்கும். கையால் எடுத்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளில் கிடைக்கும் எடை குறைவு. அதனால் நல்ல இலைக்கு ஆகும் செலவு கிலோ 24, கரட்டுக்கு 10. உன் அப்பாவுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் நஷ்டம். ஒரு சீசன் பொறுப்பார், அப்புறம் அவரும் கத்தரி வாங்குவார். நல்ல இலை நின்றதும் சராசரி 14க்கு இறங்கிவிடும். இத்தனைக்கும் 24 ரூபாயில் எடுத்த இலை 30 ரூபாய் பெறும். கிலோவுக்கு 6 ரூபாய் லாபம், யாருக்குமே கிடைக்காமல் போகிறது. யாரும் கெட்டவர் இல்லை, யாரும் முட்டாளும் இல்லை. இருந்தும் இப்படி ஆகிறது.

தரம் தெரியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்ற இந்தத் தர்க்கத்தை ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அவர் எடுத்த உதாரணம் பழைய கார். அதே கட்டுரையில் நம் நாட்டுப் பெண்களும் வருகிறார்கள். அரிசி நிறத்திலும் உருவத்திலும் இருக்கும் கல்லை வேண்டுமென்றே கலந்து விற்பதால், கடையில் வாங்கிய அரிசியில் அவர்கள் உட்கார்ந்து கல் பொறுக்க வேண்டியிருக்கிறதே, அதுவும் அவருக்கு ஒரு சான்று. என் பாட்டி முறத்தை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தது எனக்கு அந்த வரியில் தெரிந்தது. பொருளாதாரத்தை விடக்கூடாது என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

அந்தக் கட்டுரை பட்ட பாட்டை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முதல் வருட ஆசிரியராக இருந்தபோது அதை எழுதி முடித்து, 1967இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ என்ற ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டு, ஒரு வருடத்துக்கு டெல்லியில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். இங்கே இருக்கும்போதுதான் முதல் மறுப்புக் கடிதம் அவர் கைக்கு வந்தது. இவ்வளவு அற்பமான விஷயத்தை வெளியிட மாட்டோம் என்பது காரணம். இரண்டாவது ஆய்விதழும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. மூன்றாவது ஆய்விதழ் நேர் எதிராக, இது சரி என்றால் பொருளாதாரமே வேறு மாதிரி ஆகிவிடும் என்று மறுத்தது. நான்காவது இடத்தில்தான் அச்சேறியது. 2001இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். இடையில் 31 வருடம்.

சரி, திரும்ப ஷெட்டுக்கு வருவோம். ஏகர்லாஃப் சொன்னது அப்படியே நம் இலைக்குப் பொருந்துமா? இங்கேதான் கோட்பாட்டாளரின் வேலை ஆரம்பிக்கிறது. பழைய காரின் இன்ஜின் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது. இலையோ கண் முன்னால் கிடக்கிறது. ஃபேக்டரிக்காக இலை வாங்கும் ஏஜென்ட் ஒரு பிடி அள்ளிப் பார்த்தாலே கரட்டு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். பார்க்க முடிந்தும் ஏன் தரத்துக்கு ஒரு விலை என்று பிரிப்பதில்லை?

எனக்குத் தோன்றுகிற காரணங்கள் மூன்று. ஃபேக்டரிகள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. மெஷின் சும்மா நிற்கக்கூடாது, இலை வந்தாக வேண்டும். ஒருவர் கறாராகத் தரம் பார்த்தால் அந்த இலை பக்கத்து ஃபேக்டரிக்குப் போய்விடும். அடுத்தது, எடைக்குக் கமிஷன் வாங்கும் ஏஜென்டுக்கு இலையைத் திருப்பி அனுப்புவதில் என்ன லாபம்? அப்புறம், விலை வரும் வழி. தேயிலை வாரியத்தின் பங்கீட்டு விதிப்படி விற்பனை விலையில் 65 சதவீதம் விவசாயிக்கு, 35 சதவீதம் ஃபேக்டரிக்கு. அதை வைத்து மாதாமாதம் மாவட்டத்துக்கு ஒரு சராசரி விலை அறிவிக்கிறார்கள். விவசாயிக்கு அது ஒரு பாதுகாப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த விலையும் கிடைக்காத வருடங்களை என் வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லோர் கண்ணும் சராசரியிலேயே இருந்தால், சராசரிக்கு மேலே நிற்பவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

மூன்றையும் ஒரே கணித மாதிரியில் (மாடலில்) போட்டுக் குழப்பக்கூடாது. ஒன்றை மட்டும் வைத்துப் பார்: ஏஜென்ட் இல்லை, சராசரி விலையும் இல்லை, ஃபேக்டரிகளின் போட்டி மட்டும். அப்போதும் நல்ல இலை மறைகிறதா? மறையவில்லை என்று நிரூபணம் வந்தால், குற்றத்தைப் போட்டியின் தலையில் கட்ட முடியாது. எதை எடுத்துவிட்டாலும் முடிவு மாறாமல் நிற்கிறதோ, அதைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். எது இல்லாவிட்டால் முடிவு விழுந்துவிடுகிறதோ, காரணம் அதுதான். என் நாளில் முக்கால்வாசி இப்படித்தான் போகிறது: வெள்ளைத் தாள், ஒரு அனுமானம், அதை அடித்துவிட்டு மறுபடியும்.

குன்னூர் ஏலத்தையும் சொல்லாமல் விட மனசில்லை. வியாழன், வெள்ளிக்கிழமைகளில் நம் மலைத் தூள் அங்கே ஏலம் போகிறது. அதற்கு முன்பே தரகர்கள் ருசி பார்த்து, ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு மதிப்புப் போட்டு, கேட்டலாக்கில் ஏற்றி, வாங்குபவர்களுக்கு மாதிரியும் அனுப்பிவிடுவார்கள். விற்பவர் பக்கம் இருப்பவர் தனக்குத் தெரிந்ததை ஏன் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்? பால் மில்கிராமும் ராபர்ட் வெபரும் 1982இல் எக்கனாமெட்ரிகா ஆய்விதழில் இதற்குப் பதில் எழுதினார்கள். ஏலத்தில் ஜெயித்தவருக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு: மற்ற எல்லோரையும்விட நான் அதிகம் கேட்டிருக்கிறேனே, சரக்கைத் தப்பாக எடை போட்டுவிட்டேனோ? அந்தப் பயத்தில் முதலிலிருந்தே கை இழுத்துத்தான் கேட்பார். விற்பவர் தனக்குத் தெரிந்ததை நல்லதோ கெட்டதோ மறைக்காமல் சொல்வதையே வழக்கமாக வைத்துக்கொண்டால் பயம் குறையும், சராசரியில் விலை ஏறும். இதை நிரூபித்துக் காட்டினார்கள். மில்கிராமுக்கும் அவருடைய ஆசிரியர் ராபர்ட் வில்சனுக்கும் 2020இல் நோபல் கிடைத்தது. மில்கிராம் நேரே ஆராய்ச்சிக்கு வந்தவர் இல்லை. கணிதம் படித்துவிட்டு இன்ஷூரன்ஸ் துறையில் சில வருடம் கணக்கு பார்த்தவர். அதற்குப் பிறகுதான் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய் 1979இல் முனைவர் பட்டம் வாங்கினார். பேங்க் வேலைக்குப் போனால் கதை முடிந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், அவரை நினைத்துக்கொள்.

ஏலக் கோட்பாட்டைத் தொடங்கி வைத்தவர் வில்லியம் விக்ரி. 1961இல் எழுதினார்: எல்லோரும் மூடிய உறையில் விலை எழுதட்டும், அதிகம் எழுதியவருக்கே பொருள், ஆனால் அவர் கொடுக்க வேண்டியது இரண்டாவதாக வந்தவரின் விலை. இப்படி விதி வைத்தால் தன் மனதில் உள்ள மதிப்பை உள்ளபடி எழுதுவதுதான் ஒவ்வொருவருக்கும் நல்லது. ஒரு தாளில் இரண்டு மூன்று எண் போட்டுப் பார், பத்து நிமிடத்தில் உனக்கே புரியும். 1996இல் அவருக்கு நோபல் அறிவித்தார்கள். மூன்று நாளில் இறந்துவிட்டார்.

இனி பாதையைச் சொல்கிறேன்.

உன்னுடைய பெரிய தடை கணிதம். இங்கிலீஷைவிட, பணத்தைவிட அதுதான் பெரிது. நம் கல்லூரிகளின் பி.ஏ. பாடத்தில் இருக்கும் கணிதம் இதற்குப் போதவே போதாது. நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு மூன்றும் கையில் பழக வேண்டும். அப்புறம் ரியல் அனாலிசிஸ். கணக்குப் போடுவது வேறு, நிரூபணம் எழுதுவது வேறு. இரண்டாவதைக் கற்றுக்கொடுப்பது ரியல் அனாலிசிஸ்தான். நான் பி.ஏ. முடித்தபோது எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து, பக்கத்துக் கல்லூரியின் கணித ஆசிரியர் ஒருவரிடம் வாரம் இரண்டு நாள் போய்க் கற்றேன். அந்த ஒரு வருடத்தை ஊரில் எல்லோரும் வீண் என்றார்கள். இன்று என்னிடம் இருப்பதெல்லாம் அந்த வருடத்தில் வந்தது. உனக்கு இன்னும் வசதி இருக்கிறது. ஐஐடி ஆசிரியர்களின் பாடங்கள் என்பிடெல் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உன் கல்லூரியில் கணிதத் துறை இருக்குமே, அங்கே போய்க் கேள். ஆர்வத்தோடு வந்து நிற்கும் பையனைத் துரத்துகிற கணித ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

அடுத்தது முதுகலை, இரண்டு வருடம். கோட்பாட்டுக்கு நான் முதலில் சொல்வது இந்தியப் புள்ளியியல் நிறுவனம். கொல்கத்தா, டெல்லி இரண்டு இடத்திலும் அளவியல் பொருளாதாரத்தில் எம்.எஸ். நடக்கிறது. நுழைவுத் தேர்வில் கணிதத்துக்கென்றே ஒரு தாள் உண்டு. நான் படித்த காலத்தில் கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்தார்கள். அந்த உதவித்தொகைதான் என் அம்மாவைச் சம்மதிக்க வைத்தது. ஏல விதி, வாக்கெடுப்பு விதி போன்றவற்றை எப்படி வடிவமைப்பது என்ற துறையில் உலகம் மதிக்கும் அருணாவா சென் டெல்லி வளாகத்தில் பல வருடம் பாடம் எடுத்தவர். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும் நல்ல இடம். அமர்த்தியா சென் 1963 முதல் 1971 வரை அங்கேதான் பாடம் எடுத்தார், பலருடைய விருப்பங்களைச் சேர்த்து ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்று பார்க்கும் சமூகத் தேர்வுக் கோட்பாட்டில் அவருடைய பெரிய நூல் 1970இல் அந்தக் காலத்தில்தான் வந்தது. ரிசர்வ் வங்கி தொடங்கிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் மும்பையில் இருக்கிறது. சென்னையைத் தாண்டிப் போக முடியாது என்றால் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்.

பிறகு பிஎச்.டி. வெளிநாட்டில் ஐந்து ஆறு வருடம். அமெரிக்காவின் நல்ல பல்கலைக்கழகங்கள் பொருளாதார பிஎச்.டி. மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை, செலவுக்குப் பணமும் தரும். நம் நாட்டில் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. முதல் வருடம் நுண்ணியல் பொருளாதாரம், பேரியல் பொருளாதாரம், தரவை வைத்து அளக்கும் எகனோமெட்ரிக்ஸ் மூன்றும் உயிரை எடுக்கும், முடிவில் ஒரு பெரிய பரீட்சை. பலரும் அதைத்தான் பயப்படுவார்கள். எனக்குக் கஷ்டமாக இருந்தது மூன்றாவது வருடம். வகுப்பு முடிந்துவிடும், பரீட்சை இல்லை, காலையில் எழுந்தால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். உனக்கென்று ஒரு கேள்வி வேண்டும். நான் நான்கு மாதம் ஒரு தேற்றத்தோடு மல்லுக்கட்டி, முடித்துவிட்டேன் என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டாவது பக்கத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. தேற்றமே பொய். அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். என்ன நடந்தது என்று அவளுக்கு விளக்க முடியவில்லை. "பூச்சி அடிச்ச செடியைக் கவாத்து பண்ணினா மறுபடி துளிர்க்கும்டி" என்றாள். மறுநாள் அந்த ஓட்டையையே கேள்வியாக எடுத்துக்கொண்டேன்: எந்த நிபந்தனையில் இந்தத் தேற்றம் பொய்யாகிறது? என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் அதுதான்.

கடைசி வருடம் வேலைச் சந்தை. உன் கட்டுரைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதைக் காட்டித்தான் வேலை தேட வேண்டும். கருத்தரங்கில் ஒன்றரை மணி நேரம் பேசும்போது ஐந்தாவது நிமிடத்திலேயே குறுக்கே கேள்வி வரும். எங்கள் துறையில் அது அவமரியாதை கிடையாது, கவனித்துக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். வேலை கிடைத்த பின் அமெரிக்க முறையில் சுமார் ஆறேழு வருடத்தில் நிரந்தரமா இல்லையா என்று தீர்மானிப்பார்கள். அதற்குள் கட்டுரைகள் வந்திருக்க வேண்டும். பொது ஆய்விதழ்களில் ஐந்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எங்கள் துறைக்கென்று ஜர்னல் ஆஃப் எகனாமிக் தியரி, தியரடிகல் எகனாமிக்ஸ், கேம்ஸ் அண்ட் எகனாமிக் பிஹேவியர் இருக்கின்றன. என் முதல் கட்டுரையை இரண்டு இடத்தில் மறுத்தார்கள். மூன்றாவது இடத்தில் இரண்டு முறை திருத்தச் சொல்லி, எழுதி நான்கு வருடம் கழித்து வெளிவந்தது. அதைத் திறந்து படித்தவர்கள் நூறு பேர் இருந்தால் அதிகம். அந்த நான்கு வருடமும் எனக்கு நிறைவாகத்தான் இருந்தது, ஆனால் எல்லோருக்கும் அப்படி இருக்காது. யாராவது உடனே பாராட்டினால்தான் வேலை ஓடும் என்ற சுபாவம் உனக்கு இருந்தால், இந்த வழி உன்னை வருத்தும்.

உன் வீட்டாரிடம் மறைக்கக்கூடாத இன்னொன்று: கோட்பாட்டுக்கான இடங்கள் குறைந்திருக்கின்றன. 1980களில் பெரிய ஆய்விதழ்களின் கட்டுரைகளில் பாதிக்கு மேல் கோட்பாடாக இருந்தது. இன்று தரவை வைத்துச் செய்யும் ஆய்வுதான் பெரும்பகுதி. அதனால் எகனோமெட்ரிக்ஸையும் ஒழுங்காகக் கற்றுக்கொள். கோட்பாட்டிலிருந்து நேரடியாக வேலைக்கு வரும் பகுதிகளும் உண்டு. 1994இல் அமெரிக்காவில் அலைக்கற்றையை ஏலம் விட்டபோது அந்த விதிகளை எழுதியதில் மில்கிராமுக்கும் வில்சனுக்கும் பங்கு இருந்தது. 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும், இரண்டு பக்கத்து விருப்பங்களையும் பார்த்துத் திருமண ஜோடி சேர்க்கும் வழியை வைத்து ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். 2015 முதல் ஐஐடி, என்ஐடி இடங்களைச் சேர்த்து ஒதுக்கும் முறை அந்த வழிமுறையின் மேல்தான் நிற்கிறது. உன் கூடப் பன்னிரண்டாவது படித்தவர்களில் யாராவது விருப்பப் பட்டியல் நிரப்பிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்திருப்பார்கள், அவர்களைக் கேட்டுப் பார்.

பேங்க் பரீட்சை எழுதச் சொல்வதில் தவறு ஒன்றும் இல்லை. இலை விலை இறங்கிய வருடங்களைப் பார்த்தவர்கள் மாதச் சம்பளத்தைத்தான் நினைப்பார்கள். அவர்களோடு சண்டை போடாதே. இப்படிச் சொல்லு: கணிதம் படித்தால் பேங்க் பரீட்சைக்கும் உதவும். முதுகலை முடித்தால் யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதலாம், அதற்குப் பொருளாதார முதுகலைதான் தகுதி. நெட் வாங்கினால் கல்லூரி வேலைக்கு வழி இருக்கிறது. ஆகவே முதுகலை வரைக்கும் நீ எதையும் பணயம் வைக்கவில்லை. பிஎச்.டி. போவதா என்பதை 22, 23 வயதில் முடிவு செய்தால் போதும். அப்போது உனக்கே தெரிந்திருக்கும். நிரூபணம் ஒன்று வராமல் ராத்திரி தூங்காமல் இருந்து, காலையில் மறுபடியும் அதையே எடுக்கத் தோன்றினால் போ. தோன்றாவிட்டால் வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன். இரண்டு வாரம் அப்பாவோடு ஷெட்டுக்குப் போ. யார் இலையைப் பார்க்கிறார், யார் எடை போடுகிறார், மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார், இலையைத் திருப்பினால் அது எங்கே போகிறது என்று கவனி. எதுவும் பேசாதே, நோட்டில் குறித்துக்கொள். அப்புறம் அரைப் பக்கம் எழுது. யாருக்கு எது, எப்போது தெரியும்? யாரால் என்ன செய்ய முடியும்? ஒவ்வொருவருக்கும் கடைசியில் என்ன கிடைக்கிறது? இந்த மூன்று மட்டும் போதும். யார் நல்லவர், யார் கெட்டவர், அரசு என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் வேண்டாம். தமிழிலேயே எழுது. கணிதம் ஒரு வரிகூட வேண்டியதில்லை.

எழுதியதும் எனக்கு அனுப்பு. அதில் எந்த வரியை அடித்தாலும் கதை மாறாது என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.